எல்க்ஹார்ட்: மீட்சி வேகமாக வந்தது, மாற்றம் வரவில்லை

அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற மூன்றாவது வாரத்தில், 2009 பிப்ரவரி 9 அன்று, பராக் ஒபாமா இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரத்துக்குப் போனார். பொருளாதார ஊக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியில் இருந்த நேரம் அது. அந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட ஊர் தேடியவர்களுக்கு எல்க்ஹார்ட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. ஒரே ஆண்டில் அங்கே வேலையின்மை விகிதம் 4.7 சதவீதத்திலிருந்து 15.3 சதவீதமாக ஏறியிருந்தது. நாட்டிலேயே மிக வேகமாக வேலை இழந்த பகுதி இதுதான் என்று அன்றைய கூட்டத்தில் அவர் சொன்னார். அடுத்த சில வாரங்களில் அந்த விகிதம் 18 சதவீதத்தையும் கடந்தது.

2016 ஜூன் 1 அன்று அவர் மறுபடி அங்கே போனபோது அது 4 சதவீத அளவில் இருந்தது. 2018 வசந்தத்தில் சுமார் 2 சதவீதம். 2020 ஏப்ரலில் 30 சதவீதத்தை ஒட்டி. 2021 முடிவில் 2 சதவீதத்துக்கும் கீழே.

சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் ஒரு சிறிய பெருநகரப் பகுதி, பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இத்தனை ஏற்ற இறக்கங்களைப் பார்த்திருக்கிறது. எல்க்ஹார்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, ஒற்றைத் தொழிலை நம்பிக் கெட்ட ஊர். மற்றது, அடிபட்டும் எழுந்து நின்ற ஊர். இரண்டுமே பாதி சரி. என் வாசிப்பில், இந்த ஊரை வேகமாக மீட்ட அதே குணங்கள்தான் அது மாறாமல் இருப்பதற்கும் காரணம். விழுந்த காலத்தைவிட நன்றாக இருந்த காலத்தை உற்றுப் பார்த்தால் இது விளங்கும்.

ஊரும் தொழிலும்

முதலில் எல்லை. அமெரிக்காவில் 'பெருநகரப் பகுதி' என்பது அரசின் புள்ளிவிவர வரையறை. குறைந்தது 50,000 பேர் கொண்ட ஒரு நகர்ப்புற மையமும், அதோடு தினசரி வேலைப் பயணத்தால் பிணைந்த கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) சேர்ந்தது. எல்க்ஹார்ட்–கோஷன் பெருநகரப் பகுதி ஒரே ஒரு கவுன்டியைக் கொண்டது. 2010 கணக்கெடுப்பில் 1,97,559 பேர். 2020இல் 2,07,047 பேர். மிச்சிகன் மாநில எல்லையை ஒட்டிய வட இந்தியானா. எல்க்ஹார்ட், கோஷன் என்ற இரு நகரங்கள், நப்பனி, மிடில்பரி, வாக்கருசா போன்ற சிற்றூர்கள், நடுவே சோளமும் சோயாவும் விளையும் வயல்கள்.

இந்தப் பகுதியின் வேலைகளில் கிட்டத்தட்டப் பாதி உற்பத்தித் தொழிலில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் அந்தப் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளிலேயே உற்பத்தியை இந்த அளவு நம்பியிருப்பது இதுதான் என்று பல ஆண்டுகளின் பட்டியல்கள் காட்டும். அந்த உற்பத்தியின் மையம் ஆர்.வி. எனப்படும் வாகனம்: படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய நடமாடும் வீடு. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லராகவும் இருக்கும், தானே ஓடும் பெரிய வண்டியாகவும் இருக்கும். அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.க்களில் 80 சதவீதத்துக்கு மேல் எல்க்ஹார்ட் கவுன்டியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் தயாராகின்றன. தோர், ஃபாரஸ்ட் ரிவர் ஆகிய இரு பெரிய நிறுவனங்களின் தலைமையகமும் இங்கேதான். வினபேகோவின் கிராண்ட் டிசைன் பிரிவு மிடில்பரியில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஆனால் ஊர் எப்போதும் ஒற்றைத் தொழில் ஊராக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எல்க்ஹார்ட் ஊதுகுழல் இசைக்கருவிகளுக்குப் பெயர் பெற்றது. கான் நிறுவனத்தின் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இங்கே செய்யப்பட்டவை. அல்கா-செல்ட்ஸர் மாத்திரையைத் தந்த மைல்ஸ் ஆய்வகமும் இந்த ஊர்தான். 1970களின் இறுதியில் அதை ஜெர்மனியின் பேயர் வாங்கியது. பிறகு ஆய்வாளர், அலுவலர் வேலைகள் படிப்படியாக வெளியேறின. படித்தவர்களுக்கான நல்ல சம்பள வேலைகள் அப்படிக் கரைந்த அதே காலத்தில் ஆர்.வி. தொழில் வளர்ந்துகொண்டே போனது. வேலைகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு ஊர் எதையும் இழந்ததாகவே தெரிந்திருக்காது.

தொழில் நடக்கும் விதம்

மற்ற எல்லாவற்றையும் விளக்குவது இந்தப் பகுதிதான் என்பதால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஆர்.வி. தொழிற்சாலைக்குக் கார் தொழிற்சாலையைப் போல ரோபோ வரிசைகள் தேவையில்லை. பெரிய தகரக் கொட்டகை, மரச் சட்டங்கள், ரம்பம், ஆணி அடிக்கும் துப்பாக்கி, நிறையக் கைகள். இரும்புச் சட்டகத்தின் மேல் தரை, தரையின் மேல் அலமாரிகள், பிறகு சுவர், கூரை என்று மனிதர்களே கட்டுகிறார்கள். அச்சு, ஜன்னல், மெத்தை, கதவு, அலமாரி எல்லாம் அரை மணி நேர லாரி தூரத்துக்குள் இருக்கும் சப்ளையர்களிடமிருந்து வந்துவிடும். ஆகவே ஒரு புதிய பிராண்டைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவைப்படாது. ஒரு நிறுவனத்தில் விற்பனையைக் கற்ற நால்வர் வெளியே வந்து காலிக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்தால் போதும். ஃபாரஸ்ட் ரிவர் 1996இல் தொடங்கியது. 2005இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே அதை வாங்கிவிட்டது. கிராண்ட் டிசைன் 2012இல் தொடங்கி 2016இல் விற்கப்பட்டது. நான்கே ஆண்டுகள்!

சம்பளம் பெரும்பாலும் பீஸ் ரேட். ஒரு குழு ஒரு நாளில் எத்தனை வண்டிகளை முடிக்கிறதோ அதற்கேற்பப் பணம். விடியும் முன்பே வேலை தொடங்கும். அன்றைய எண்ணிக்கை முடிந்துவிட்டால் மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். ஆர்டர் குவியும் காலத்தில், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத இருபது வயதுப் பையன் பட்டதாரி நண்பனைவிட அதிகம் சம்பாதிக்கலாம். ஆர்டர் குறைந்தால் வாரத்தில் ஐந்து நாள் நான்காகும், பிறகு மூன்றாகும், பிறகு லே-ஆஃப். சம்பள விகிதம் மாறாமலே வருமானம் பாதியாகிவிடும். 'மணிக்கு இத்தனை டாலர்' என்ற விளம்பரத்தை வைத்து இந்த ஊரின் வருமானத்தை மதிப்பிடுகிறவர்கள் தவறுவது இங்கேதான். எத்தனை மணி, எத்தனை பீஸ் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று: ஆர்.வி. யாருக்கும் அவசியமான பொருள் இல்லை. பெரும்பாலானோர் கடனில் வாங்குகிறார்கள், பெட்ரோல் போட்டு ஓட்டுகிறார்கள். ஆகவே வட்டி, எரிபொருள் விலை, நுகர்வோர் மனநிலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இதைத் தாக்கும். விற்பனையாளரும் கடனில்தான் சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறார். சில்லறை விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் அவர் புதிய ஆர்டரைப் பத்து சதவீதம் குறைப்பதோடு விடமாட்டார். தன் முற்றத்தில் நிற்கும் வண்டிகள் போகும்வரை ஆர்டரையே நிறுத்திவிடுவார். கடைக்காரரின் சிறு தயக்கம் தொழிற்சாலைக்கு வந்து சேரும்போது பெரும் சரிவாகிவிடுகிறது. 1973 எண்ணெய்த் தடையின்போதும், 1979–80 நெருக்கடியின்போதும் இதுதான் நடந்தது. 2008 இந்த ஊருக்குப் புதிய பாடம் இல்லை.

2008–09

தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளர்களுக்குப் போன வண்டிகளின் எண்ணிக்கை கதையைத் தெளிவாகச் சொல்லும். 2006இல் 3,90,500. 2007இல் 3,53,500. 2008இல் 2,37,000. 2009இல் 1,65,700. மூன்றே ஆண்டுகளில் 58 சதவீதச் சரிவு.

இதில் கவனிக்க வேண்டியது 2007. நாடு தழுவிய மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கியதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது; ஆர்.வி. அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. 2008 கோடையில் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்ததும் விற்பனையாளர்களுக்குச் சரக்குக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்கள் கையை இழுத்துக்கொண்டன. வாங்க ஆள் வந்தாலும் கடையில் நிறுத்த வண்டி வாங்கக் காசு இல்லை. மொனாக்கோ கோச் என்ற ஆர்.வி. நிறுவனம் 2008இல் வாக்கருசா, நப்பனி, எல்க்ஹார்ட் ஆலைகளை மூடியபோது சுமார் 1,400 பேர் வேலை இழந்தார்கள். சிற்றூர் ஒன்றுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆண்டுக்குள் கவுன்டியின் மொத்த வேலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது.

வருமானத்தில் என்ன நடந்தது? இந்தியானாவில் வேலையிழந்தோர் உதவித்தொகையின் உச்சவரம்பு வாரத்துக்கு 390 டாலர். மத்திய ஊக்கச் சட்டம் அதற்கு மேல் 25 டாலர் சேர்த்தது. ஆக, நல்ல சம்பளம் வாங்கிய ஒருவருக்கு அதிகபட்சம் 415 டாலர். ஓவர்டைமும் பீஸ் ரேட்டும் சேர்த்து வாரம் ஆயிரம் டாலருக்கு மேல் பார்த்த குடும்பத்துக்கு இது வீட்டுக் கடனையும் சாப்பாட்டையும் ஒன்றாகத் தாங்காது. வேலையின்மை ஏறிய வேகத்திலேயே வீடுகள் வங்கிகளின் கைக்குப் போனதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

மாற்ற முயற்சியும் அதன் முடிவும்

அந்த நேரத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வேறு தொழில்கள் வர வேண்டும். முயற்சி செய்யாமலும் இல்லை. 2009 ஆகஸ்ட் 5 அன்று ஒபாமா வாக்கருசாவுக்கு வந்து, மின் வாகனங்களுக்கும் பேட்டரிகளுக்குமான 240 கோடி டாலர் மானியத் திட்டத்தை அறிவித்தார். அதில் சுமார் 3.9 கோடி டாலர் நாவிஸ்டாருக்கு. முன்பு ஆர்.வி. கட்டிய ஆலையில் அந்த நிறுவனம் மின்சார டிரக்குகள் செய்யும் என்று திட்டம். 2010 ஜனவரியில் நார்வேயின் திங்க் நிறுவனம் தன் சிறிய மின்சாரக் காரை எல்க்ஹார்ட்டில் பூட்டப்போவதாக அறிவித்தது. 415 வேலைகள் வரை வரும் என்றார்கள்.

2011 ஜூனில் திங்க் திவாலானது. நாவிஸ்டாரின் மின் டிரக் சில நூறு வண்டிகளைத் தாண்டவில்லை. சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. 'மின் வாகனத் தலைநகரம்' என்ற பேச்சும் அத்தோடு முடிந்தது.

இதை அரசு முயற்சியின் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதவில்லை. அந்தத் திட்டங்கள் தடுமாறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் ஆர்.வி. ஆர்டர்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. 2010இல் 2,42,300 வண்டிகள். ஒரே ஆண்டில் 46 சதவீத ஏற்றம். வாடிக்கையாளரும் கடனும் திரும்பியதும், மூடிய கொட்டகையைத் திறந்து, வீட்டில் இருக்கும் அதே ஆட்களைக் கூப்பிட்டால் சில வாரங்களில் வரிசை ஓடும். புதிய தொழில் வேரூன்றப் பத்து ஆண்டு ஆகும். பழைய தொழில் திரும்பப் பத்து வாரம் போதும். இப்படி ஒரு போட்டியில் புதியது எப்படி ஜெயிக்கும்?

2017இல் 5,04,599 வண்டிகள் போயின. 2009ஐவிட மூன்று மடங்கு. வேலையின்மை 2 சதவீதத்துக்கு வந்த 2018இல் இந்த ஊரில் ஆள் கிடைக்காமல் தவித்தவர்கள் ஆர்.வி. முதலாளிகள் மட்டும் இல்லை. சிறிய இயந்திரப் பட்டறை, மருத்துவக் கருவி உதிரிபாகம் செய்பவர், உணவகம், பள்ளிப் பேருந்து ஓட்டுநரைத் தேடும் நிர்வாகம் என எல்லோரும் பீஸ் ரேட்டோடு போட்டி போட வேண்டியிருந்தது. நாட்டின் வேறு பகுதியிலிருந்து ஒரு தொழிலை இங்கே கொண்டுவர நினைத்தவருக்கு முதல் கேள்வியே 'ஆள் எங்கே?' என்பதுதான். எண்ணெய் கண்டெடுத்த நாடுகளில் நாணய மதிப்பு ஏறி, மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நசிந்துபோவதைப் பொருளியலாளர்கள் 'டச்சு நோய்' என்பார்கள். இங்கே நாணய மதிப்பு ஏறவில்லை, கூலி ஏறியது. விளைவு ஏறக்குறைய அதேதான்.

படிப்பிலும் இது தெரியும். 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் இந்தக் கவுன்டியில் சுமார் ஐந்தில் ஒருவர். நாட்டில் மூன்றில் ஒருவர். ஆனால் இந்த எண்ணை வைத்து ஊரைக் குறை சொல்லும் முன் ஒரு விஷயம். எல்க்ஹார்ட்டும் பக்கத்து லக்ரேஞ்ச் கவுன்டியும் சேர்ந்த பகுதி, அமெரிக்காவின் மூன்றாவது பெரிய ஆமிஷ் குடியிருப்பு. நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகம் ஆமிஷ். ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்துவார்கள். அந்த உரிமையை 1972இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. நிலம் போதாமல் ஆமிஷ் ஆண்களில் ஏராளமானோர் ஆர்.வி. ஆலைகளில் வேலை செய்கிறார்கள். காலையில் குதிரை வண்டியோ சைக்கிளோ வாடகை வேனோ பிடித்து வந்து, இந்த நாட்டின் சொகுசுப் பயண வண்டிகளைக் கட்டிவிட்டு, மின் இணைப்பு இல்லாத வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். சராசரிக்குள் இந்த வாழ்க்கைகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

2020: வேலையும் வருமானமும் பிரிந்த ஆண்டு

2020 மார்ச் 25 முதல் இந்தியானாவில் வீட்டிலேயே இருக்கும் உத்தரவு. ஆர்.வி. ஆலைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மூடின. ஏப்ரலில் வேலையின்மை 30 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாட்டில் அதைவிட மோசமாக இருந்த பெருநகரப் பகுதிகள் மிகச் சில; கார் உதிரிபாகங்களை நம்பிய, இதே மாநிலத்தின் கோகோமோ அவற்றில் ஒன்று. விகிதத்தை மட்டும் பார்த்தால் 2009ஐவிடப் பெரிய பேரழிவு.

குடும்பக் கணக்கில் பார்த்தால் அப்படி இல்லை. மார்ச் இறுதியில் வந்த மத்தியச் சட்டம் உதவித்தொகையோடு வாரம் 600 டாலர் சேர்த்தது, ஜூலை முடியும்வரை. 390ம் 600ம் சேர்ந்தால் 990 டாலர். 2009இன் 415ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இரு மடங்கு. அதோடு ஒவ்வொரு பெரியவருக்கும் 1,200 டாலர் வரை நேரடிக் காசோலை. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வகைத் தொழிலாளி. வேலையின்மை முன்பைவிட அதிகம். ஆனால் வீட்டுக்குள் வந்த பணம் வேறு. வேலையின்மை விகிதத்தை மக்களின் துன்பத்துக்கான அளவுகோலாகப் பயன்படுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல இணை ஒப்பீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே புள்ளிவிவரம் படிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மத்திய அரசு வெளியிடும் 'தனிநபர் வருமானம்' சம்பளத்தை மட்டும் எண்ணுவதில்லை. உதவித்தொகை, அரசு தரும் முதியோர் ஓய்வூதியம், வாடகை, வட்டி, டிவிடெண்ட், முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே 2020இல் வேலை சரிந்தபோதும் தனிநபர் வருமானக் கோடு சரியவில்லை. அதைப் பார்த்து 'ஊர் செழித்தது' என்று எழுதுவதும் தவறு, ஏப்ரல் விகிதத்தைப் பார்த்து 'ஊர் செத்தது' என்று எழுதுவதும் தவறு.

மே மாதம் ஆலைகள் திறந்தன. விமானத்தில் ஏற அஞ்சிய, ஓட்டலில் தங்க அஞ்சிய நாடு முழுவதும் ஆர்.வி. தேடியது. வட்டி அடிமட்டத்தில். சில வாரங்கள் முற்றிலும் மூடியிருந்தும் அந்த ஆண்டு 4,30,412 வண்டிகள் போயின. முந்தைய ஆண்டின் 4,06,070ஐவிட அதிகம். 2021இல் 6,00,240. தொழிலின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

எண்கள் யாருடையவை?

எல்க்ஹார்ட்டைப் பற்றி வரும் பல கட்டுரைகளில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. வேலைகளின் எண்ணிக்கை, வேலை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கணக்கு. வேலையின்மை விகிதம், ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அந்த இடத்துக்குக் கணக்கு. பெரிய நகரங்களில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இங்கே அது கதையையே மாற்றும்.

எல்க்ஹார்ட்டின் ஆலைகளுக்கு மேற்கே சவுத் பெண்டிலிருந்தும், கிழக்கே லக்ரேஞ்சிலிருந்தும், தெற்கே கோசியஸ்கோ கவுன்டியிலிருந்தும், வடக்கே மிச்சிகனிலிருந்தும் தினமும் ஆட்கள் வருகிறார்கள். வெளியே போகிறவர்களைவிட உள்ளே வருகிறவர்கள் மிக அதிகம். ஆலை மூடினால் இழப்பின் ஒரு பகுதி பக்கத்துக் கவுன்டிகளின் வேலையின்மையாகப் பதிவாகும். எல்க்ஹார்ட்டின் விகிதம், எவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தாலும், உண்மையான அடியைக் குறைத்தே காட்டுகிறது. ஏற்றத்திலும் அப்படித்தான்: இங்கே கொடுக்கும் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு மாலையில் கவுன்டி எல்லையைத் தாண்டிப் போய்விடும்.

ஆமிஷ் தொழிலாளர்கள் இதில் இன்னொரு முடிச்சு. அரசு உதவி வாங்குவதை அவர்களில் பலர் மரபாகத் தவிர்ப்பவர்கள். கவுன்டி அளவிலான வேலையின்மை மதிப்பீடு உதவித்தொகைக் கோரிக்கைகளை ஓர் உள்ளீடாகப் பயன்படுத்துகிறது. கோராதவர் கணக்கில் மங்கலாகவே தெரிவார்.

தனிநபர் வருமானமும் தலைக்கணக்கில் வகுக்கப்படுவது. ஆமிஷ் வீடுகளிலும், கோஷனில் கணிசமாக வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களிலும் பிள்ளைகள் அதிகம். சம்பாதிக்காத தலைகள் கூடும்போது சராசரி இறங்கும். குடும்ப வருமானத்தின் இடைநிலையை, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை, எடுத்தால் ஊர் இவ்வளவு ஏழையாகத் தெரியாது. நான் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் படிப்பேன். ஒன்றை மட்டும் தருபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன்.

திரும்பி வராத தொழில்

ஒப்பிட ஓர் ஊர் வேண்டுமென்றால் விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில். அதுவும் சிறிய பெருநகரப் பகுதிதான். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அங்கே பல தலைமுறைகளாக ஓடியது. 2008 டிசம்பர் 23 அன்று கடைசி எஸ்.யு.வி. வரிசையை விட்டு இறங்கியது. அந்த ஆலை திரும்பத் திறக்கவே இல்லை. தொழிற்சங்கம் பேசி வாங்கிய சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அதோடு போயின. சில ஆண்டுகளில் வேலையின்மை விகிதம் இறங்கியது உண்மை. புதிய வேலைகளில் பல கிடங்கு வேலைகள். டாலர் ஜெனரல் கடைகளுக்கான பெரிய விநியோகக் கிடங்கு 2017இல் வந்தது. வேலை கிடைத்தது, பழைய சம்பளம் கிடைக்கவில்லை.

இரண்டு ஊர்களின் வேலையின்மைக் கோடுகளும் 2009இல் ஏறி 2017இல் இறங்கியிருக்கும். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஜேன்ஸ்வில் கட்டாயத்தால் மாறியது, மாறியவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். எல்க்ஹார்ட்டில் யாரும் மாறத் தேவைப்படவில்லை. அடுத்த சரிவு வரும்வரை அது லாபம்தான். இதில் எது மேல் என்று கேட்டால், 45 வயதில் வேலையிழந்தவருக்கு எல்க்ஹார்ட், 15 வயதில் பள்ளியில் இருப்பவருக்கு ஒருவேளை ஜேன்ஸ்வில் என்பேன். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தொழிற்சங்கம் பற்றியும் ஒரு வரி. ஆர்.வி. தொழிலில் சங்கம் ஏறத்தாழ இல்லை. ஆகவே கூலி ஏறுவதும் இறங்குவதும் ஒப்பந்தப் பேச்சால் நடப்பதில்லை. எதிர்ச் சாலையில் இருக்கும் ஆலை என்ன கொடுக்கிறது என்பதைப் பொறுத்து நடக்கிறது. நல்ல காலத்தில் இது தொழிலாளிக்குச் சாதகம். மதிய இடைவேளையில் வேலையை விட்டுவிட்டு அன்றே பக்கத்து ஆலையில் சேரலாம். ஆனால் கஷ்ட காலத்தில் இரண்டு ஆலைகளுமே ஒன்றாக மூடும்.

2022க்குப் பிறகு

மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியது. அந்த ஆண்டு 4,93,268 வண்டிகள், 2023இல் 3,13,174. ஒரே ஆண்டில் 36 சதவீதத்துக்கு மேல் சரிவு. 2008ஐவிடச் செங்குத்தான இறக்கம் என்றுகூடச் சொல்லலாம். நாட்டின் பெரிய கவுன்டிகளில் வேலை எண்ணிக்கை அதிக விகிதத்தில் குறைந்தவற்றில் எல்க்ஹார்ட் இருந்தது. ஆனால் தலைப்புச் செய்தி எதுவும் வரவில்லை. அதிபர் யாரும் வரவில்லை. வேலையின்மை விகிதம் 3 சதவீதத்தைச் சுற்றியே நின்றது.

ஏன்? ஒரு காரணம், ஆலைகள் ஆட்களைக் கழற்றிவிடுவதைவிட நாட்களைக் குறைத்தன. 2021இல் ஆள் தேடி அலைந்த அனுபவம் முதலாளிகளுக்கு மறக்கவில்லை. வாரம் மூன்று நாள் வேலை செய்கிறவர் புள்ளிவிவரத்தில் வேலையில் இருப்பவர்தான். அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் மட்டும் 40 சதவீதம் குறைந்திருக்கும். இரண்டாவது, வேலை போனவர்களில் பலர் பக்கத்துக் கவுன்டிக்காரர்கள், ஏற்றத்தின்போது கடைசியாக வந்தவர்கள். மூன்றாவது, நாட்டின் மற்ற பகுதிகளில் வேலைச் சந்தை அப்போது வலுவாக இருந்ததால் போக இடம் இருந்தது. 2009இல் இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் இல்லை.

2024இல் 3,33,733 வண்டிகள். 2007 அளவுக்கும் கீழேதான், ஆனால் நிதானமான ஏற்றம். இந்த ஊரில் மாற்றம் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் வேலையின்மை விகிதத்தைப் பார்க்க வேண்டாம். மூன்று தொடர்களைப் பார்த்தால் போதும்: மொத்த வேலைகளில் உற்பத்தியின் பங்கு, தொழிற்சாலைகளின் சராசரி வார வேலை நேரம், தனிநபர் வருமானத்தில் சம்பளத்தின் பங்கு. இவற்றில் முதலாவது கடந்த இருபது ஆண்டுகளில் மந்தத்தின்போது சில புள்ளிகள் இறங்கி, மீட்சியின்போது பழைய இடத்துக்கே ஏறி, கிட்டத்தட்டப் பாதி என்ற அளவிலேயே நிற்கிறது. ஆர்டர்கள் நன்றாக இருக்கும் ஓர் ஆண்டில் அது தானாகவே இறங்கினால்தான் ஊருக்கு வேறு தொழில் வருகிறது என்று எடுத்துக்கொள்வேன். அப்படி ஓர் ஆண்டு இதுவரை வரவில்லை.